புகாரை எங்கே கொடுப்பது? படையில் பணிபுரியும் பெண்ணுக்கு முன்னுள்ள மூன்று வழிகள்

சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமி 1992 முதல் பெண்களைப் பயிற்றுவித்து வருகிறது. 2019இல் ராணுவ போலீஸ் பிரிவில் பெண் சிப்பாய்களுக்கு ஆள்சேர்ப்பு தொடங்கியது. 2022இல் தேசியப் பாதுகாப்பு அகாடமி பெண்களுக்குத் திறந்தது. அந்த முதல் அணி 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தது. இப்படிப் போகும் பெண்களும் அவர்களுடைய பெற்றோரும் கேட்கத் தயங்கிக் கடைசியில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மேலதிகாரியே தொல்லை கொடுத்தால் யாரிடம் போவது? யூனிட்டின் கட்டளை அதிகாரியான சி.ஓ.விடமா, பணியிடப் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழுவிடமா, போலீஸிடமா?

அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு இந்தக் கேள்வி இவ்வளவு சிக்கலானது அல்ல. படையிலோ தொல்லை கொடுப்பவர், விடுப்பு கொடுப்பவர், ஆண்டு ரகசிய அறிக்கை (ஏ.சி.ஆர்.) எழுதுபவர், ஒரே வளாகத்தில் அடுத்த வரிசைக் குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர் எல்லாம் ஒருவராகவே இருக்கக்கூடும். அதற்கு மேல், எந்த நீதிமன்றம் விசாரிக்க வேண்டும் என்பதையே படை தீர்மானிக்க இடம் தரும் தனிச் சட்டம் வேறு இருக்கிறது. அதனால் முதல் அடியை எங்கே வைக்கிறோம் என்பது பின்னால் வரும் எல்லாவற்றையும் பாதிக்கும்.

இங்கே சொல்வது 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தை வைத்து. விமானப்படைச் சட்டமும் அதே ஆண்டைச் சேர்ந்தது, பெரும்பாலும் அதே அமைப்புதான். கடற்படைக்கு 1957ஆம் ஆண்டின் தனிச் சட்டம். அங்கே பிரிவு எண்கள் வேறு.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் கெடு. மூன்று வழிக்கும் மூன்று விதமான காலக்கெடு இருக்கிறது. ஒன்றில் காத்திருக்கும்போது இன்னொன்று கைநழுவும். அடுத்து, முடிவு யார் கையில் என்பது. புகார் கொடுப்பது உங்கள் கையில் இருக்கலாம், அதை எந்த மேடையில் விசாரிப்பது என்பது உங்கள் கையில் இல்லாமல் போகலாம். மூன்றாவது, நாளைக் காலை நிலைமை: அதே ஆளிடம் அணிவகுப்பில் நின்று சல்யூட் அடிக்க வேண்டுமா, அவர்தான் உங்கள் ஏ.சி.ஆர். எழுதப் போகிறாரா? நான்காவது, சாட்சியம் யாரால், எப்போது திரட்டப்படும். ஐந்தாவதை நான் மற்ற நான்குக்கும் மேலாக வைப்பேன்: அந்த யூனிட்டுக்கு அடுத்து வரும் பெண்ணை இந்த வழி காப்பாற்றுமா? ஆள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனால் தொல்லையும் அவரோடு அந்த ஊருக்குப் போகும். அதைத் தடுப்பு என்று சொல்ல முடியாது.

| | உள்ளகக் குழு | படைக்குள் நடவடிக்கை | காவல் நிலையம் |
|---|---|---|---|
| கெடு | 3 மாதம். தக்க காரணம் காட்டினால் மேலும் 3 | 3 ஆண்டுக்குள் கோர்ட் மார்ஷல் (படையின் நீதிமன்றம்) தொடங்க வேண்டும் | பாலியல் வன்கொடுமைக்குக் கெடு இல்லை. சிறிய குற்றங்களுக்கு 1 அல்லது 3 ஆண்டு |
| முடிவு யார் கையில் | குழு பரிந்துரைக்கும், படை செயல்படுத்தும் | சி.ஓ., அவருக்கு மேலுள்ள தளபதிகள் | போலீஸ், நீதிமன்றம். ஆனால் வழக்கைப் படை கேட்டு வாங்கலாம் |
| உடனடிப் பாதுகாப்பு | இடமாற்றம், விடுப்பு, ஏ.சி.ஆர். எழுதுபவரை மாற்றுதல் | சி.ஓ. மனம் வைத்தால் அன்றைக்கே | கைது நடக்கலாம். யூனிட்டுக்குள் எதுவும் தானாக மாறாது |
| உச்ச விளைவு | துறை நடவடிக்கை, இழப்பீடு | சிறை, பதவி பறிப்பு | வன்கொடுமைக்கு 10 ஆண்டு முதல் ஆயுள் வரை |

## உள்ளகக் குழு

1997இல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் தந்த நெறிமுறைகள்தான் 2013இல் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டமாயின. படைகளும் இதற்கு விலக்கு அல்ல. குழுவின் தலைவர் மூத்த நிலையில் உள்ள பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள். ஒருவர் வெளி அமைப்பைச் சேர்ந்தவர். பெண் அதிகாரிகள் குறைவான இடத்தில் தலைவரை வேறு அலுவலகத்திலிருந்து நியமித்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. ஆகவே "இங்கே சீனியர் லேடி ஆபீசர் யாரும் இல்லை" என்று சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை.

இந்த வழியின் உண்மையான பலம் பலருக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே நீங்கள் எழுத்தில் கேட்டால் உங்களையோ அவரையோ வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லிக் குழு பரிந்துரைக்கலாம். வழக்கமான விடுப்போடு சேராமல் 3 மாதம் வரை தனி விடுப்புக்கும் பரிந்துரைக்கலாம். இவற்றைவிட முக்கியமானது 2013ஆம் ஆண்டு விதிகளின் 8ஆவது விதி. அதன்படி, புகாருக்கு உள்ளானவர் உங்கள் பணியை மதிப்பிடுவதையும் ரகசிய அறிக்கை எழுதுவதையும் நிறுத்தி, அதை வேறு அதிகாரியிடம் ஒப்படைக்கச் சொல்லலாம். ஒரே ஒரு மோசமான ஏ.சி.ஆர். பதவி உயர்வையே முடக்கிவிடும் துறையில் இது பெரிய கவசம். கேட்டால்தான் கிடைக்கும், புகார் மனுவிலேயே இந்தக் கோரிக்கையைத் தனிப் பத்தியாக எழுதிவிடுங்கள்.

விசாரணை 90 நாளில் முடிய வேண்டும், முடிந்த 10 நாளில் அறிக்கை, அதன் மேல் 60 நாளில் நடவடிக்கை. ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் குழுவுக்கு உண்டு. பெயரையும் விவரங்களையும் வெளியிடக் கூடாது என்பதும் சட்டம்.

இனி பலவீனங்கள். 3 மாதக் கெடு மிகக் குறுகியது. களப்பணியிலோ நீண்ட பயிற்சியிலோ இருப்பவருக்கு அது கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். தொடர் தொல்லை என்றால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. ஆகவே ஒவ்வொரு சம்பவத்தின் தேதியையும் குறித்து வைப்பது அவசியம். இரண்டாவது, குழுவின் அறிக்கையே தண்டனை ஆகிவிடாது. படைச் சட்டத்துக்கு உட்பட்ட ஒருவரைத் தண்டிக்க வேண்டுமென்றால் அந்தச் சட்டத்தின் நடைமுறை தனியாக நடந்தாக வேண்டும். நீங்கள் ஒருமுறை சொன்னதை மறுபடி முதலிலிருந்து சொல்ல நேரும். மூன்றாவது, சமரசம். நீங்கள் கேட்டுக்கொண்டால் மட்டுமே சமரசத்துக்கு இடம் உண்டு, அதிலும் பணம் பேசக் கூடாது. ஆனால் யூனிட்டின் பெயர் கெடக் கூடாது என்ற பேச்சோடு, நீங்களாகவே கேட்டதுபோலக் கையெழுத்து வாங்க யாரும் முயன்றால் மறுத்துவிடுங்கள். சமரசம் பதிவாகிவிட்டால் குழு மேற்கொண்டு விசாரிக்காது.

பொய்ப் புகாருக்குத் தண்டனை என்ற 14ஆவது பிரிவைக் காட்டிப் பயமுறுத்துவதும் உண்டு. நிரூபிக்க முடியாமல் போவது மட்டுமே பொய்ப் புகார் ஆகாது என்று அதே பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

## படைக்குள் நடவடிக்கை: கோர்ட் ஆஃப் என்கொயரியும் கோர்ட் மார்ஷலும்

சி.ஓ.விடம் நேரில் சொல்வது அல்லது எழுதிக் கொடுப்பது. பெரும்பாலானவர்கள் இயல்பாக முதலில் நினைப்பது இதைத்தான், ஏனென்றால் பயிற்சியின் முதல் நாளிலிருந்து சொல்லிக் கொடுக்கப்படுவது "சேனல் வழியாகப் போ" என்பது.

நல்ல சி.ஓ. கிடைத்தால் இதைவிட வேகமான வழி வேறு இல்லை. அன்று மாலையே அந்த ஆளை வேறு பணிக்கு மாற்றலாம், மெஸ்ஸுக்கும் குடியிருப்புப் பகுதிக்கும் வரக் கூடாதென்று உத்தரவிடலாம், சாட்சிகள் மாற்றலாகிப் போவதற்குள் வாக்குமூலம் வாங்கலாம். சட்டத்திலும் பல் இருக்கிறது. அதிகாரிக்குப் பொருந்தாத நடத்தை என்ற 45ஆவது பிரிவு, அநாகரிகமான இழிசெயலுக்கு 7 ஆண்டு வரை சிறை தரும் 46ஆவது பிரிவு, சாதாரணக் குற்றவியல் சட்டத்தின் குற்றங்களையும் கோர்ட் மார்ஷலில் விசாரிக்க வழி செய்யும் 69ஆவது பிரிவு எல்லாம் உண்டு. இவை வெறும் ஏட்டில் இருப்பவையும் அல்ல. வடகிழக்கில் 2016இல் ஒரு பெண் கேப்டனுக்குத் தொல்லை கொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட மேஜர் ஜெனரல் ஒருவரைப் பணியிலிருந்து நீக்க 2018 டிசம்பரில் கோர்ட் மார்ஷல் பரிந்துரைத்தது. 2019இல் ராணுவத் தலைமைத் தளபதி அதை உறுதி செய்தார். ஒரு கேப்டனின் சொல் ஒரு ஜெனரலுக்கு எதிராக நின்றது. அது பெரிய விஷயம்.

ஆனால் இந்த வழியில்தான் புகார் கொடுத்தவரின் குரலுக்கு மிகக் குறைந்த இடம் இருக்கிறது. நடந்தது என்ன என்று கண்டறியப் படை நடத்தும் முதற்கட்ட விசாரணையான கோர்ட் ஆஃப் என்கொயரியில் ஒருவருடைய நற்பெயர் பாதிக்கப்படும் என்றால், ராணுவ விதி 180 அவருக்கு விசாரணை முழுவதும் கூடவே இருக்கவும் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் உரிமை தருகிறது. இயற்கை நீதிப்படி சரியான விதிதான். ஆனால் சம்பவம் நடந்த சில வாரங்களில், அதே அறையில், அந்த மேலதிகாரியே கேள்வி கேட்க நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள்.

ஜெனரல் கோர்ட் மார்ஷலில் குறைந்தது 5 அதிகாரிகள் அமர்வார்கள். சட்ட ஆலோசனைக்கு ஜட்ஜ் அட்வகேட் இருப்பார். அவர்கள் தரும் தீர்ப்பும் தண்டனையும், உறுதி செய்யும் அதிகாரி ஒப்புதல் தராதவரை செல்லாது. அவர் மறுபரிசீலனைக்கும் திருப்பி அனுப்பலாம். ஆக, அறையில் உட்கார்ந்து உங்கள் சாட்சியத்தைக் கேட்டவர் அல்லாத ஒருவர் கையில் கடைசி முடிவு இருக்கிறது.

இன்னொன்று, கெடு. 122ஆவது பிரிவின்படி குற்றம் நடந்து 3 ஆண்டு கடந்தால் கோர்ட் மார்ஷல் விசாரிக்க முடியாது. குற்றம் தெரியவந்த நாளிலிருந்து கணக்கிடும் விதிவிலக்கு உண்டு, ஆனால் அது பாதிக்கப்பட்டவருக்கோ அதிகாரிக்கோ எது முதலில் தெரிந்ததோ அந்த நாள். உங்களுக்கு நடந்தது உங்களுக்கு அன்றே தெரியும், ஆகவே விதிவிலக்கு உதவாது. என்கொயரி, அதன் மேல் சாட்சியச் சுருக்கம், அதன் மேல் சட்டப் பிரிவின் கருத்து, நடுவில் இரண்டு மாற்றல் என்று போனால் 3 ஆண்டு நீண்ட காலம் அல்ல.

## காவல் நிலையம்

படையில் இருப்பவர் போலீஸில் புகார் கொடுக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. பத்திரிகைக்குப் பேசத்தான் விதிகள் தடை போடுகின்றன; இரண்டையும் குழப்பிச் சொல்பவர்கள் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் எஃப்.ஐ.ஆர். பதியலாம். ஜோத்பூரில் நடந்ததை விடுப்பில் வந்திருக்கும்போது மதுரை அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் கொடுக்கலாம். வழக்கு பிறகு ஜோத்பூருக்கு மாற்றப்படும். சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி வந்துவிடாதீர்கள், அது புகார் வந்ததற்கான ஒப்புகை மட்டுமே. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகத் தர வேண்டியது சட்டம். இத்தகைய குற்றங்களில் பதிய மறுக்கும் காவலருக்கே 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை என்கிறது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 199ஆவது பிரிவு.

சாட்சியம் என்ற அளவுகோலில் இந்த வழி மற்ற இரண்டையும் விட வெகுதூரம் முன்னால் நிற்கிறது. உடல் சார்ந்த தடயங்கள் பொதுவாக முதல் 3, 4 நாட்களுக்குள் எடுக்கப்பட வேண்டியவை. தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள், உங்கள் சம்மதத்தோடு, மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். நீதித்துறை நடுவர் முன் வாக்குமூலம். அலைபேசி, சிசிடிவி பதிவுகளைக் கைப்பற்றும் அதிகாரம். இதில் எதுவும் உள்ளகக் குழுவால் இந்த வேகத்தில் முடியாது. பரிசோதனைக்கு ராணுவ மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை, அரசு மருத்துவமனைக்கு நேரே போகலாம். மருத்துவமனை போலீஸுக்குத் தகவல் சொல்லும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். பெண்ணின் பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் பரிசோதனை எங்கேயும் செய்யக் கூடாது. 2013இலேயே உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்தது, 2022 அக்டோபரில் அதைச் செய்பவர் தவறான நடத்தைக் குற்றவாளி ஆவார் என்று தீர்ப்பளித்தது.

இந்த வழியில் மறைந்திருக்கும் திருப்பத்தைத் தமிழ்நாடே பார்த்திருக்கிறது. 2021 செப்டம்பரில் கோவை விமானப்படை நிர்வாகக் கல்லூரியில் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் அதிகாரி, சக அதிகாரி ஒருவர் தன்னைப் பாலியல் வன்கொடுமை செய்ததாகக் கோவை மாநகர போலீஸில் புகார் கொடுத்தார். உள்ளே கொடுத்த புகாரைத் திரும்பப் பெறச் சொல்லி அழுத்தம் தரப்பட்டதாகவும், தனக்கு இரு விரல் பரிசோதனை நடந்ததாகவும் அவர் சொன்னார். அப்படிப் பரிசோதனை நடக்கவில்லை என்று விமானப்படைத் தலைமைத் தளபதி பின்னர் மறுத்தார். போலீஸ் அந்த அதிகாரியைக் கைது செய்தது. ஆனால் அந்த மாதம் 30ஆம் தேதியே கோவை நீதிமன்றம் அவரைக் கோர்ட் மார்ஷல் விசாரணைக்காக விமானப்படையிடம் ஒப்படைத்தது.

இது எப்படி நடக்கிறது? ராணுவச் சட்டத்தின் 125ஆவது பிரிவும் விமானப்படைச் சட்டத்தின் 124ஆவது பிரிவும், இரண்டு நீதிமன்றமும் விசாரிக்கக்கூடிய வழக்கில் எது விசாரிக்க வேண்டும் என்ற தேர்வைப் படைத் தளபதியிடம் தருகின்றன. குற்றவியல் நீதிமன்றம் ஒப்பாவிட்டால் மத்திய அரசின் முடிவே இறுதி. இந்தத் தேர்வில் பாதிக்கப்பட்டவரின் விருப்பத்தைக் கேட்க வேண்டும் என்று அந்தப் பிரிவுகளில் ஒரு வரிகூட இல்லை. எனக்கு இதில் சமாதானமே கிடையாது. தன் உடலுக்கு நடந்த குற்றத்தை எந்த மன்றத்தில் சொல்வது என்பதில் அவருடைய கருத்துக்கு எழுத்தில் இடம் இருந்தாக வேண்டும்.

ஒரு விலக்கு முக்கியமானது. பாதிக்கப்பட்டவர் படைச் சட்டத்துக்கு உட்படாதவராக இருந்தால், அதாவது சிவிலியன் ஊழியர், வீரரின் மனைவி, மகள், வெளியார் என்றால், பாலியல் வன்கொடுமை வழக்கைக் கோர்ட் மார்ஷல் எடுக்க முடியாது என்கிறது ராணுவச் சட்டத்தின் 70ஆவது பிரிவு. செயற்களப் பணி, வெளிநாடு, எல்லைச் சாவடி ஆகிய சூழல்கள் மட்டும் விதிவிலக்கு. குவார்ட்டர்ஸில் வாழும் குடும்பங்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அவர்களிடம் "இது படைக்குள் தீர்க்கிற விஷயம்" என்று யாரும் சொல்ல முடியாது.

போலீஸ் வழியின் மற்றச் செலவுகள் நாம் அறிந்தவை: ஆண்டுக்கணக்கில் வாய்தா, நடுவில் நீங்கள் வேறு மாநிலத்தில் பணியில் இருப்பது, சாட்சி சொல்ல வர விடுப்பு. யூனிட்டுக்குள் தனிமைப்படுத்தப்படுவதும் நடக்கலாம். அதற்குப் போலீஸிடம் மருந்து இல்லை.

## எந்த நிலையில் எது

உடலுக்கு எதிரான தாக்குதல் என்றால் என் பதிலில் தயக்கம் இல்லை: முதலில் மருத்துவமனையும் காவல் நிலையமும், அதே வாரத்தில் உள்ளகக் குழுவுக்கும் எழுத்து மூலம் புகார். ஒன்றைக் கொடுத்தால் மற்றது கூடாது என்று சட்டத்தில் இல்லை. நீங்கள் குற்றப் புகார் கொடுக்க விரும்பினால் உதவ வேண்டியது பணியிடத்தின் கடமை என்றுகூட 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆவது பிரிவு சொல்கிறது. வழக்கு பிறகு கோர்ட் மார்ஷலுக்கே போனாலும், வெளியில் எடுத்த மருத்துவ அறிக்கையும் நடுவர் முன் தந்த வாக்குமூலமும் கூடவே போகும். கோவைச் சம்பவத்திலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதைத்தான். மன்றம் மாறலாம், ஆனால் முதலில் பதிவானதை யாராலும் இல்லாமல் ஆக்க முடியாது.

பேச்சு, வாட்ஸ்அப் செய்தி, இரவு நேர அழைப்பு, "ஏ.சி.ஆர். என் கையில்தான்" என்ற ஜாடை என்றால் உள்ளகக் குழு முதலில். அங்கே ஏ.சி.ஆர். பாதுகாப்பு கிடைக்கும், அந்தச் செய்திகளே சாட்சியம். பாலியல் சாடையான பேச்சு மட்டும் என்றால் குற்றவியல் சட்டத்தில் 1 ஆண்டுதான் கெடு என்பதால், குழு முடிக்கும்வரை காத்திருந்து பிறகு போலீஸுக்குப் போகலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

சி.ஓ. வழியைத் தனியாக நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். தொலைதூரச் சாவடியில், கப்பலில், உடனே அந்த ஆளிடமிருந்து விலக வேண்டிய கட்டாயத்தில் இருக்கும்போது அதுதான் கைக்கெட்டும் வழி. அப்போதும் வாய்மொழியாக விடாமல் தேதியிட்டு எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். தொல்லை கொடுப்பவர் சி.ஓ.வே என்றால் இந்த வழி அடைபட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. அவருக்கு மேலுள்ளவருக்கு எழுதலாம். அதிகாரியாக இருந்தால் ராணுவச் சட்டத்தின் 27ஆவது பிரிவின் கீழ் மத்திய அரசுவரை முறையிடலாம்.

எந்த வழி என்றாலும் சம்பவத்தை ஒரே ஒருமுறை, நிதானமாக, தேதி, நேரம், இடம், உடனிருந்தவர்கள் எல்லாம் சேர்த்து எழுதி, கையெழுத்திட்டு, ஒரு பிரதியைப் படை வளாகத்துக்கு வெளியே நம்பகமான ஒருவரிடம் வையுங்கள். குழு, என்கொயரி, போலீஸ் என்று மூன்று இடத்தில் மூன்று விதமாகச் சொன்னால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடிப்பது அந்த வித்தியாசத்தைத்தான். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச உதவி உண்டு.

## பாதிக்கப்பட்டவர் ஆணாக இருந்தால்

இந்த ஒப்பீடு முழுவதும் இங்கே குலைந்துவிடுகிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கு மட்டுமே. ஆணுக்கு எதிரான வன்கொடுமைக்கும் பயன்பட்ட, பழைய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவைப் பாரதிய நியாய சன்ஹிதா முற்றாக விட்டுவிட்டதால், ஆணுக்கு எதிரான பாலியல் வன்கொடுமைக்கென்று தனிப் பிரிவு இன்று இல்லை. காயம், சட்டவிரோதத் தடுப்பு போன்ற பிரிவுகளில்தான் போலீஸ் வழக்குப் போட முடியும். இளம் சிப்பாய்க்கு எஞ்சுவது படைச் சட்டத்தின் 46ஆவது பிரிவு ஒன்றுதான், அதாவது முடிவு முழுக்கத் தளபதி கையில் இருக்கும் அதே வழி. அவனும் மருத்துவ அறிக்கையையும் தேதியிட்ட எழுத்துப் புகாரையும் கையில் வைத்திருக்க வேண்டும்; 3 ஆண்டுக் கெடு அவனுக்கும் ஓடிக்கொண்டிருக்கும்.

## தேர்வைத் தளபதியிடமிருந்து எடுத்த நாடுகள்

அமெரிக்காவில் 2020இல் ஃபோர்ட் ஹூட் தளத்தில் வனேசா கியேன் என்ற 20 வயது ராணுவ வீராங்கனை கொல்லப்பட்டார். தனக்குத் தொல்லை நடப்பதாக அவர் வீட்டில் சொல்லியிருந்தார். அதன் பிறகு எழுந்த கோபத்தில் சட்டம் மாறி, 2023 டிசம்பர் முதல் பாலியல் வன்கொடுமை வழக்குத் தொடுப்பதா இல்லையா என்ற முடிவு தளபதியிடமிருந்து தனிச் சிறப்பு வழக்குரைஞர் அலுவலகத்துக்குப் போனது. கனடாவில் 2021 நவம்பரில், தமிழ்த் தந்தைக்குப் பிறந்த அனிதா ஆனந்த் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது, முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி லூயிஸ் ஆர்பரின் பரிந்துரையை ஏற்று இத்தகைய வழக்குகளைச் சிவில் போலீஸிடம் மாற்ற முடிவெடுத்தார்.

இந்தியாவில் 125ஆவது பிரிவை அடியோடு நீக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பாலியல் குற்ற வழக்குகளில் தளபதி தேர்வு செய்யுமுன் பாதிக்கப்பட்டவரின் விருப்பத்தை எழுத்தில் பெற வேண்டும், அதற்கு மாறாக முடிவெடுத்தால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்ற ஒரு திருத்தம் போதும். உங்கள் தொகுதி எம்.பி.யிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. படைச் சட்டங்களைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம்தான் இருக்கிறது.